உடும்புப்பிடி

“என்னங்க, அந்தப் பொண்ணு மறுபடியும் கூப்பிடுறா!” மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். “குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லு!”

“காலையிலயும் குளிச்சிட்டுத்தான் இருந்தீங்களாம். அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

பெண்ணுமில்லை, ஒன்றுமில்லை. பல் மருத்துவமனையில் புதிதாக வைத்த ஏஐ. பல்லைக் காட்ட வரவேண்டியவர்களைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவது, முன்பெல்லாம் வரவேற்பில் இருக்கும் பெண்ணின் வேலை. இருக்கிற கூட்டத்தில் அவளுக்கு ஏது நேரம்? நாளைக்கு, நாளைக்கு என்று அது கிடப்பிலேயே கிடந்தது.

இப்போது ஏஐ அந்த வேலையை எடுத்துக்கொண்டு, டிமிக்கி கொடுத்தவர்களையெல்லாம் தேடித் தேடிப் பிடிக்கிறது. பிடித்தால் விடாது. அதனால் எல்லோரும் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் உடும்பு.

அவருக்குக் கடைவாயில் ஒரு சொத்தை. இன்னொருவர் தன் வாய்க்குள் கையை விடுவதை நினைத்தாலே உதட்டை இறுக மூடிக்கொள்வார்.

வெளியூரில் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். “எப்ப திரும்புவீங்க சார்?” என்றது உடும்பு. மாமா தவறிவிட்டார் என்றார். “ரொம்ப வருத்தமா இருக்கு சார். போன மாசம் தவறினதும் அதே மாமாதானே?” என்று கனிவாக விசாரித்தது. கடைசியில் தனக்குப் பல்லே இல்லை என்றுகூடச் சாதித்தார். “அப்ப வாங்க சார், பல் செட்டுக்கு அளவெடுத்துடலாம்.”

தன் பெயரையே எடுத்துவிடச் சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பார்களே! அந்த மானக்கேட்டுக்குப் பல்வலியே தேவலை.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் திடீரென்று குழைந்தது. “நாளைக்குக் காலையில முதல் ஆளா நானே கூட்டிட்டு வந்துடுறேம்மா.”

அவர் குழாயை மூடிவிட்டு வெளியே பாய்ந்தார். “யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டே?”

“ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகுறீங்க. எனக்கும் தூக்கம் போச்சு. நீங்க பயப்படுறது வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும், பேசாம வாங்க.”

மறுநாள் கூட்டம் சேருவதற்கு முன்பே அவரை இழுத்துக்கொண்டு போனாள். வரவேற்பில் இருந்த பெண் விருட்டென்று எழுந்து நின்றாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

மருத்துவர் சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. அவரைப் பார்த்ததும், போட்டிருந்த கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

“வாயைத் திறங்க சார்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். தட்டிலிருந்து அவள் எதை எடுக்கிறாள் என்பது ஓசையிலேயே தெரிந்தது. தெரிந்ததுதான் வினை.

“ஊசி போடணும் சார். என் கையைக் கொஞ்சம் விடுறீங்களா?”

விட்டார். சுருக்கென்றது. அப்புறம் கன்னம் மரத்துப்போனது. மெஷின் கிர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பல்லைக் கடிக்க முடியாமல் மனசைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“முடிஞ்சுது சார். அடைச்சாச்சு.”

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “அவ்வளவுதானா? வலிக்கவே இல்லையேம்மா!” மரத்த வாயில் வார்த்தை குழறியது.

“அவ்வளவுதான் சார்.”

“இனிமே அந்த உடும்பு என்னைக் கூப்பிடாதில்ல?”

“ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடும்.”

பெருமூச்சு விட்டுவிட்டு, நிம்மதியாக அப்படியே சாய்ந்து கிடந்தார். வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தமும் பேச்சுக்குரலுமாக வரவேற்பறை நிறைந்துகொண்டிருந்தது. உடும்பு இழுத்து வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

அவள் சுவரில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

“எழுந்திருங்க டாக்டர், உங்க பேஷண்ட் எல்லாம் வந்துட்டாங்க.”