உறையில் ஒரு வளைவு

பழம்பொருள் கடையொன்றில் வாள் இல்லாத தோலுறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் லேசான வளைவு. எந்தக் காலத்திலோ அதன் வாளை வைத்துப் போர்வீரன் ஒருவன் சேற்றில் புதைந்த வண்டிச் சக்கரத்தை நெம்பினான். வாள் வளைந்தது. வருஷக்கணக்கில் அதைச் சுமந்ததில் உறையும் வளைந்துபோனது.

"மழைக்காலத்தில் என் வாள் என்னை விட்டு வரவே வராது. இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள்!" என்று பக்கத்துக் கேடயத்திடம் உறை தினமும் சொல்லும்.

ஒருநாள் நாடகக்காரர் ஒருவர் வந்து, அந்தக் காலத்து அசல் வாளும் உறையும் வேண்டுமென்றார். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு வாளை எடுத்துவந்தார். அது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"அட, நீயா! இன்னும் இருக்கிறாயா?" என்றது வாள்.

குரலைக் கேட்டதும் உறைக்குச் சிலிர்த்துப்போனது. "உன் வளைவு எங்கே?"

"பட்டறையில் தட்டி நிமிர்த்திவிட்டார்கள். அந்தக் காலத்து வாளெல்லாம் நேராகத்தான் இருக்குமாம். புத்தகத்தில் படம் இருக்கிறதாம்."

கடைக்காரர் வாளைச் செருகினார். பாதியிலேயே நின்றது. உறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தது. தையல் விட்டதுதான் மிச்சம்.

"இது வேற வாளோட உறைங்க," என்று சொல்லி, கடைக்காரர் வேறோர் உறையை எடுத்தார். வாள் தடையில்லாமல் இறங்கியது.

நாடகக்காரர் படியிறங்கியபோது அந்த மாற்று உறைக்குள் வாள் லொடலொடவென்று ஆடியது.

"கேட்டாயா?" என்றது உறை கேடயத்திடம். "என்னிடம் இருந்தவரை அது ஒருநாளும் இப்படிச் சத்தம் போட்டதில்லை."