தெருவுக்கே கேட்கும் போன்

"அந்த டப்பாவைத் தூக்கி உள்ள போடு வெனிங். அதுல எடுத்தா அம்மா மூஞ்சி தெரியுமா, அடுப்புக்கரி தெரியுமா?"

பெருநாள் காலை. என் மனைவி வெனிங் அப்போதுதான் அவள் அண்ணன் ஹர்யோவின் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்திருந்தாள். பெருநாளன்று இளையவர்கள் மூத்தவர்களிடம் அப்படிக் கேட்பதுதான் வழக்கம். மன்னிப்புக் கேட்டவளுக்கு அவன் கொடுத்த பதில் இது.

அம்மாவோடு ஒரு படம் எடுக்கலாமே என்று ஆசையாகப் போனைத் தூக்கினாள். அது ஒரு குற்றமா?

ஹர்யோ சட்டைப்பையிலிருந்து ஐபோனை எடுத்து, முதுகுப்பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பாயில் கவிழ்த்து வைத்தான்.

"படம்னா இதுல எடுக்கணும்."

"அடேயப்பா! புதுசா?" என்றார் வார்னோ பெரியப்பா. சோலோ நகரக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். யார் வந்தாலும் முதலில் போனைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை.

"இப்பதான் வாங்கினேன் பெரியப்பா. ஜகார்த்தாவுல இது கையில இல்லேன்னா ஒருத்தன் மதிக்க மாட்டான்."

"நம்ம வெனிங் வச்சிருக்கிறது என்ன போன்?"

"அதுவா? காதுல வச்சா கேக்காது, ஸ்பீக்கர்ல மட்டும்தான் பேசும். சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. இவளுக்குப் போன் வந்தா தெருவுக்கே கேக்கும்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. வெனிங்கும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சுமத்ரா தீவிலுள்ள மேடான் ஊர்க்காரன். இங்கே சோலோவில் பைக் டாக்ஸி ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் கோபம் வந்தால் வாயைத் திறந்து கத்திவிடுவோம். இந்த ஜாவாக்காரர்களுக்குச் செருப்பால் அடித்தாலும் சிரிப்புதான்.

அந்த டப்பா போன் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? எத்தனை தடவை கீழே விழுந்தும் உடையவில்லை. ஒரு முறை சார்ஜ் போட்டால் ரெண்டு நாள் தாங்கும். மழையில் என் போன் படுத்துவிட்டால் அதைத்தான் வண்டியில் மாட்டிக்கொண்டு சவாரிக்கு ஓடுவேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில் அதற்கும் பங்கு உண்டு.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். வெனிங் தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணனை இன்னிக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கப் போறேன்."

"ஐயோ, வேண்டாங்க! மூணு பெருநாளா அம்மா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு வாய் சாப்பிட்டாங்களா? இன்னிக்குத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

"அதுக்கு? பெத்தவளை எட்டிப் பாக்காதவன், கூடவே இருந்து கஞ்சி ஊத்துறவளைக் கேலி பண்ணுவானா?"

"பண்ணிட்டுப் போகட்டும். அண்ணன் வந்ததே பெருசு. வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

அவள் குழம்பைத்தான் கிளறினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பெரியப்பா ஐபோனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பொழைச்சுக்கிட்டேடா ஹர்யோ. தங்கச்சிக்கும் இதுல ஒண்ணு வாங்கிக் குடேன்."

"அவளுக்கு எதுக்கு பெரியப்பா? குடுத்தாலும் இதைத் தொறக்கத் தெரியுமா அவளுக்கு?"

அவ்வளவுதான். என் பொறுமை போய்விட்டது.

"மச்சான்!"

நான் போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து, பாயில் கிடந்த வெனிங்கின் போன் அலறியது. அவள் அடுப்படியில் இருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"வெனிங் அக்காவா? பெருநாள் வாழ்த்துக்கா! போன் கடையிலேருந்து பேசறேன். உங்க அண்ணனுக்குன்னு அடையாள அட்டையைக் குடுத்துட்டு ஐபோன் வாடகைக்கு எடுத்தீங்கள்ல? நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துடுங்க, அடுத்த ஆள் காத்திருக்காங்க. அதுல எடுத்த படம் எல்லாத்தையும் நாங்க அழிச்சிடுவோம்க்கா, அப்புறம் கேக்காதீங்க..."

எந்தப் பொத்தானை அமுக்கியும் சத்தம் குறையவில்லை. தெருவுக்கே கேட்டது.

பெரியப்பா ஐபோனை மெல்லப் பாயில் வைத்தார். ஹர்யோ குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வெனிங் கரண்டியும் கையுமாக ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். "பழைய போனை வச்சுக்கிட்டுப் பெரியப்பா முன்னாடி வந்து நிக்க மாட்டேன்னு அண்ணன் சொல்லிடுச்சு," என்று என் காதில் முணுமுணுத்தாள்.

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான்! இவள் எடுத்துக் கொடுத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டே இவளைக் கேவலப்படுத்தியிருக்கிறான்! "ஏண்டா, நீயெல்லாம் ஒரு..." என்று எழுந்தேன்.

மாமியார் என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"தம்பி, இது தப்பான நம்பர்ப்பா," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

"தப்பான நம்பராத்தான் இருக்கும்," என்று பெரியப்பாவும் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் மகனை ஒரு பக்கமும் மகளை ஒரு பக்கமும் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெனிங்கின் போனை என்னிடம் நீட்டினார்.

"படத்தை இதுல எடுங்க மாப்பிள்ளை. இதுல எடுத்தாத்தான் நம்மகிட்டயே இருக்கும்."