அப்பிள் மணக்கும் வீடு

“ஒண்டும் மிச்சம் விடாதேங்கோ. ஒரு அடையாளமும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது” என்று சந்திரவதனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

குலசேகரம் கனத்த கறுப்புப் பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார். பக்கத்து வீட்டு யன்னல்களை ஒருமுறை நோட்டம் விட்டார். கராஜுக்குள் போய், பையைப் பழைய கம்பளத்தில் சுற்றி மூலையில் தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

பைக்குள் இருந்தவை ஒரு போத்தல் மிளகாய்த்தூள், ஒரு கடதாசிச் சரையில் செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பார்சல். சுவரில் தொங்கிய சாமிப் படத்தையும் கழற்றப் போனவரை மனைவி விடவில்லை.

“முருகனைக் கராஜுக்கு அனுப்பிப்போட்டு வீடு விக்கிறதோ? அது அங்கயே இருக்கட்டும்.”

1991ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். லண்டனில் வீடு விற்கிறவர்கள் வாசலில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டுத் தவம் கிடந்த காலம். மோர்டனிலுள்ள இந்த வீடு விலைப்பட்டால்தான், ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் பார்த்து வைத்த வீட்டை வாங்கலாம். அந்த வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுத்திருப்பாராம். இன்றைக்குப் புதன்.

இதுவரை இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்திருந்தன. முதலில் வந்த பெண் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவேயில்லை. அடுத்து வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். ஒரு கிழமைக்குக் கறி சமைக்க வேண்டாம், ஆட்கள் வருகிற அன்று அப்பிளும் ஓட்ஸும் போட்டுப் பிஸ்கட் சுடுங்கள், அந்த வாசமே பாதி வீட்டை விற்றுவிடும் என்றார்.

அன்றிலிருந்து ஆறு நாளாகக் குலசேகரத்துக்குப் பாணும் சீஸும்தான். நாக்குச் செத்துப்போய்க் கிடந்தார் மனுஷன்.

சந்திரவதனா பின்வளவு மரத்தின் கீழ் உதிர்ந்து கிடந்த புளிப்பு அப்பிள்களைத் தோல் சீவித் துருவினாள். கணவனின் கொலஸ்ட்ரோலுக்கென்று வாங்கிய ஓட்ஸைத் தாராளமாகக் கொட்டினாள். வெண்ணெயும் சிவப்புச் சீனியும் மாவும் கறுவாத்தூளும் சேர்த்துப் பிசைந்தாள். முதல் தட்டில் அப்பிள் தண்ணீர் விட்டு, மாவு தோசையாகப் படர்ந்துவிட்டது. இரண்டாம் முறை துருவலைத் துணியில் கட்டி ஒட்டப் பிழிந்தாள். தேங்காய்ப்பால் பிழிந்த கைக்கு இது ஒரு வேலையா?

“வாற ஆக்கள் ஆராம்?” என்று பிழிந்தபடியே கேட்டாள்.

“மிஸ்டர் அண்ட் மிசிஸ் பீற்றராம். அடுப்பு காஸோ கரண்டோ எண்டுதான் முதல் கேட்டவையாம்.”

“அப்ப நல்லாச் சமைக்கிற ஆக்கள் போல.”

“வெள்ளைக்காரர் என்னத்தைச் சமைக்கிறது? கேக் அடிக்கிற ஆக்களாயிருக்கும். உம்மட பிஸ்கட்டுக்கு மயங்கி விழப்போகினம், பாரும்.”

பழக்கதோஷத்தில் அவள் கை, பைக்குத் தப்பியிருந்த ஏலக்காய்ப் போத்தலுக்குப் போனது. குலசேகரம் பாய்ந்து பிடித்தார்.

“ஐயோ, அதைப் போட்டாப் பாயாசம் மணக்கும். பிடிபட்டிடுவம்!”

அடுத்த தட்டு பொன்னிறமாக வந்தது. அப்பிளும் கறுவாவும் கலந்த வாசம் மாடிப்படி ஏறித் திரைச்சீலை வரைக்கும் போய்விட்டது. குலசேகரம் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சம்பல் இருந்தா…”

“வாயைப் பொத்துங்கோ!”

வீட்டுக்காரர் முகம் காட்டாமல் இருப்பதும் நல்லது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பிஸ்கட்டை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, இருவரும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்ற தங்கள் காருக்குள் போய்ப் பதுங்கினார்கள்.

பதினொரு மணிக்கு அவர்களுக்கு நேர் முன்னால் ஒரு கார் வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு குடைகளும் இரண்டு நீளக் கோட்டுகளும் இறங்கிப் போய், வாசலில் நின்ற ஏஜென்ட்டோடு வீட்டுக்குள் நுழைந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை.

பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. இவ்வளவு நேரம் இதுவரை ஒருவரும் நின்றதில்லை. சந்திரவதனா முருகனைக் கூப்பிட்டபடி கணவனின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. குடைக்குக் கீழே ஒரு கையில் பிஸ்கட் தெரிந்தது.

“பிஸ்கட்டும் கையுமா வருகினம். வீடு வித்தாச்சு!” என்று குலசேகரம் துள்ளினார்.

ஏஜென்ட் கதவைப் பூட்டிக்கொண்டிருக்க, குடைகள் இரண்டும் தெருவைக் கடந்து நெருங்கி வந்தன. காருக்குள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இறக்கிவிட்டிருந்த கண்ணாடி இடுக்கால் அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

“வீடு நல்ல வீடுதானப்பா. ஆனா சாமிப் படம் தொங்குது, எங்கட ஆக்களின்ர வீடு. எண்டாலும் ஒரு மீன்குழம்பு மணம்கூட இல்லை! பக்கத்து வீட்டுக்காரர் சமைக்க விடமாட்டினம் போல கிடக்கு.”

“ஓம், மேரிறோஸ். எங்களுக்குச் சரிவராது. வேற வீடு பாப்பம்.”

குலசேகரம் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

“நான் அவையளோட கதைகுடுத்து மறிக்கிறன். நீங்கள் ஓடிப்போய்க் கராஜைத் திறந்து நாலு செத்தல் மிளகாயை வறுங்கோ!”