குனிந்து ஒரு வணக்கம்

“பதினஞ்சு வயசுப் பயலை வீட்டுல வச்சிருக்கிறது...” என்று அந்தக் காலத்தில் அப்பா ஏதோ சொல்வார். மிச்சம் செல்லப்பாண்டிக்கு மறந்துவிட்டது. எப்படியும் நல்லதாக இருக்காது.

அவர் அண்ணன் வீரபத்திரன் வீட்டுக்கு வந்து நின்றாலும், பதினஞ்சு வயசு மகன் அழகுராஜா கட்டிலைவிட்டு எழுந்திருப்பதில்லை. “வாங்க பெரியப்பா”கூடச் செல்போனைப் பார்த்துத்தான்.

“ஊருக்குத் திரும்பாம புனேயிலேயே கிடந்திருக்கலாம் சுகந்தி. இவனால சொந்தக்காரங்க முன்னால தலை நிமிர முடியல” என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

“கராத்தேக்கு அனுப்புவோமா? உடம்பும் வளையும், மரியாதையும் வரும்கிறாக.”

அருப்புக்கோட்டையில் ஒரு மாஸ்டரிடம் சேர்த்துவிட்டார்.

அடுத்தமுறை அண்ணன் வந்தபோது பையன் எழுந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினான்.

அண்ணன் மிரண்டுபோனார். “என்னடா, பயலுக்கு வயித்துவலியா?”

செல்லப்பாண்டி சந்தோஷமாக மாஸ்டருக்குப் போன் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாருங்க சார். மாவட்டப் போட்டிக்கு உங்க பையனை எடுத்திருக்கேன்” என்றார் மாஸ்டர்.

போனார். மைதானத்தில் பச்சை பெல்ட் கட்டிய பையன் ஒருவன் வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். அழகுராஜா முதல் ஆளாக அவனைக் குனிந்து வணங்கினான்.

“யாரு மாஸ்டர் அந்தப் பையன்?”

“முகேஷ், சார். சீனியரு. உங்க பையனை உதைக்கப் பழக்கினதே அவன்தான். உங்க ஊர்தான், பால்சாமி அய்யா பேரன்.”

“எங்க காட்டுல களை வெட்டுவானே, அந்தப் பால்சாமியா?”

“அவுகளேதான்.”

செல்லப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். “நான் வெளியூர்ல இருந்தவன், எனக்கு அதெல்லாம் கிடையாது. சொந்தக்காரங்க பாத்தா பேசுவாக. அந்த வணக்கத்தை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சொல்லிக் கொடுங்களேன்.”

“அது இல்லாம கராத்தே இல்ல சார்.”

திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து மகன் பேசிக்கொண்டே வந்தான். “முகேஷ் அண்ணன்கிட்ட ஒரு பாயின்ட் எடுத்துட்டா போதும்ப்பா, மாவட்டத்துல மெடல்தான். அவரே சொன்னாரு. தினமும் கூட அரைமணி நேரம் நின்னு சொல்லித் தாரேன்னிருக்காரு.”

ஊருக்கு வந்ததிலிருந்து அவன் இவ்வளவு பேசியதே இல்லை. செல்லப்பாண்டி பாலவனத்தம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

வாசலிலேயே சுகந்தி கேட்டாள். “பய எப்படிப் பண்றான்?”

“நல்லாத்தான் பண்றான்.”

மறுநாள், படிப்புக் கெடுகிறது என்று மாஸ்டருக்குச் சொல்லி, மகனைக் கராத்தேயிலிருந்து நிறுத்தினார்.