வெள்ளைத் துப்பட்டா

படகு பாறை முனையைத் திரும்பியதும், மலைச்சரிவில் மஞ்சளும் நீலமுமாக வீடுகள் அடுக்கடுக்காய் நின்ற துறைமுக ஊர் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. ஊர் பார்க்க வந்த நிரஞ்சனா பூரித்துப்போய், கழுத்திலிருந்த வெள்ளைத் துப்பட்டாவை உருவி, கரையில் நின்ற பெண்களைப் பார்த்துத் தலைக்குமேல் வீசினாள்.

பதிலுக்கு ஒரு கையும் அசையவில்லை. ஓலம்தான் எழுந்தது. அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தார்கள்.

படகோட்டி பாய்ந்து துணியைப் பிடுங்கினார். “என்ன காரியம்மா பண்ணினீங்க! கடல்ல செத்தவன் உடம்பைக் கொண்டு வர்ற படகுதான் இங்க வெள்ளைத் துணி வீசும்!” கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: “யாருக்கும் ஒண்ணும் ஆகல! இது வெளியூர்ப் பொண்ணு!”

அழுகை மெல்ல அடங்கியது. ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

நிரஞ்சனா படகிலிருந்து இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் மட்டும் அசையாமல் நின்றாள். வளையல்களை உடைத்துவிட்டிருந்தாள்; மணிக்கட்டில் ரத்தம்.

“மன்னிச்சிருங்கக்கா, தெரியாம…”

அவள் நிமிரவில்லை. மூளியான கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் அவரு பசியோட வருவாரு,” என்றாள். “இந்தக் கையால எப்படிம்மா சோறு போடுவேன்?”