வாசிக்காத வாசகர்

"அந்தப் புத்தகத்த ஜொய்சன் அண்ணன் கொண்டு போயிற்றார் டீச்சர்," என்றாள் நூலகத்தில் புத்தகம் பதிந்து கொடுக்கும் ஸாதியா.

சுலக்ஷனாவுக்கு முகம் வாடிவிட்டது. வாவிப் பறவைகளைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை இந்த ஆகஸ்ட் லீவில் வாசித்தே முடிப்பதென்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வருஷா வருஷம் சொல்வதுதான். லீவு வந்தால் கலியாண வீடு, திருவிழா என்று நாள் ஓடிவிடும். இந்த முறை விடுவதில்லை என்றுதான் லீவின் முதல் நாளே வந்திருந்தாள்.

"ஆர் அந்த ஜொய்சன்?"

"நாவற்குடாவில டிவி திருத்துறவர். பெரிய வாசகர் போல. வீட்டு ஆக்கள் எல்லார்ர பேரிலயும் எடுப்பார்."

சுலக்ஷனா ஸ்கூட்டியை நாவற்குடாவுக்கு விட்டாள். வாசித்து முடித்திருந்தால் கேட்டு வாங்கலாமே.

கடைக்குள் நாலு டிவி. நாலிலும் ஒரே விவரணப்படம். பனிக்கரடி ஒன்று நாலு பெட்டியிலும் சேர்ந்து கொட்டாவி விட்டது. ஜொய்சன் கையில் ஸ்குரூ டிரைவரோடு, தானும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசையில் நூலகப் புத்தகங்கள் ஒரு பையில். போட்ட முடிச்சை அவிழ்க்கவேயில்லை.

"அண்ணன், நான் சுலக்ஷனா டீச்சர். நூலகத்தில எடுத்த பறவைப் புத்தகம் வாசிச்சிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். ரெண்டு பக்கம் புரட்டினா எனக்கு நித்திர வந்திரும். நமக்கு இதுதான்," என்று டிவியைக் காட்டினார்.

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

"போன வருஷமும் எடுத்தன். அப்பவும் வாசிக்கல்ல."

சுலக்ஷனாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

"வாசிக்கிற நாங்க வெறுங்கையோட திரும்புறம். நீங்க கொண்டு வந்து அடைகாக்கிறீங்க. இது நியாயமா?"

ஜொய்சன் கோபிக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"மார்கிறட், இஞ்ச ஓடி வா. பறவைப் புத்தகத்துக்கு ஆள் வந்திரிக்கி."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மெய்தானா? இரிங்க டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

ஜொய்சன் பையை அவிழ்த்து, புத்தகத்தைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். சுலக்ஷனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏசியவளுக்கு இப்படியொரு வரவேற்பா?

"கோவிக்காதீங்க," என்றார் ஜொய்சன். "ஒருக்கா நூலகத்துக்கு டிவி திருத்தப் போனன். கனகாலம் ஒருதரும் எடுக்காத புத்தகங்களக் கழிச்சிப்போட எண்டு கட்டி வெச்சிருந்தாங்க. அதுக்கு முதல் நாள்தான் அழிஞ்சு போற மிருகங்களப் பத்தின படமொண்டு பார்த்திருந்தன். மனசு கேக்கல்ல."

சுலக்ஷனா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"வாசிக்கிற ஆள் வந்து சேருமட்டும் உசிரோட கிடக்கட்டும் எண்டுதான் டீச்சர், ஒருதரும் தொடாத புத்தகமாப் பார்த்து வருஷத்துக்கு ஒருக்கா எடுத்திட்டு வாறன்."