சீட்டு இல்லாமல்

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சலவைக்கடைக்காரி கவுண்டருக்கு வருகிறாள். எதிரே குடியேற்ற அதிகாரி நிற்கிறார், அவர் விரலைப் பிடித்தபடி அவருடைய சின்ன மகள். கடை முழுக்க நீராவி. கம்பியில் தொங்கும் வெள்ளைக் கவுன்மேல் மட்டும் மாலை வெயில். "அதோ என் கவுன்," என்கிறாள் சிறுமி. "துணி போட்ட சீட்டு எங்கயோ தொலைஞ்சுபோச்சும்மா. பொண்ணு இன்னைக்கு மேடை ஏறணும்," என்கிறார் அவர். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இவளுக்கு மறக்கிற முகமா அது? ஒரே ஒரு காகிதம் குறைகிறதென்று மூன்று மாதத்துக்கு முன் இவள் கணவனை விமானம் ஏற்றி நாடு கடத்திய முகம். அன்று அவர் மேசை முன்னால் இவளும் இவள் மகளும் கால்கடுக்க நின்று கெஞ்சினார்கள். இவள் கவுனின் மடிப்பை நிதானமாக நீவிவிடுகிறாள். "உங்க நிலைமை புரியுது. ஆனா பேப்பர் இல்லாம என் கையில எதுவும் இல்ல." அன்று அவர் சொன்னதேதான், ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரியின் முகம் மெல்ல வெளுக்கிறது. சிறுமியின் உதடு பிதுங்குகிறது. மூன்று மாதமாக எரிந்த வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது இவளுக்கு. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து அறுந்த பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் இவள் மகள், தலையை நிமிர்த்தாமலே, அன்று அவர் இவர்களை அனுப்பிவைத்த அதே அலுவலகக் குரலில் சொல்கிறாள்: "அடுத்தவங்க வாங்க."